தமிழில் சொன்ன ரேட்

நம் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள், பாங்குகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று கேட்டுக் கேட்டுக் காரியதரிசி என் வீட்டுப் படியைத் தேய்த்துவிட்டார். போன மலரில் எழுதிய பெரியவர், தாம் குமாஸ்தாவாக நுழைந்து எப்படி மேலே வந்தார் என்று எழுதியிருந்தார். நானும் மேலே வந்தவன்தான். எப்படி வந்தேன் என்று சொன்னால் காரியதரிசி அதை அச்சுக்கு அனுப்புவாரா என்பது எனக்குச் சந்தேகம். அனுப்பினால் படித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வழக்கு எதையும் நான் சொல்லித்தரப் போவதில்லை. அதையெல்லாம் உங்கள் ஆபீசிலேயே திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு மனிதர் உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கும்போது என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். எனக்கு ஒருவர் கற்றுக்கொடுத்தார். நான்தான் கற்றுக்கொள்ளவில்லை.

முதல் ஜெர்மன் சண்டை முடிந்த கையோடு நடந்த சங்கதி இது. இங்கே கல்கத்தா கிளைவ் தெருவில் ஒரு வெள்ளைக்கார பாங்கில் எனக்கு வேலை. பெயர் வேண்டாம். சீமைச் சரக்கைத் தருவிக்கும் வியாபாரிகள் அதற்கு விலையை இங்கிலீஷ்காரர் நாணயமான பவுனில் கட்ட வேண்டும். அவர்களுடைய ரூபாயை வாங்கிக்கொண்டு லண்டனில் பவுனாகக் கட்டுவது எங்கள் பிழைப்பு. சண்டைக்கு முன்னால் வெகுகாலம் ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ், அதாவது பவுனுக்குப் பதினைந்து ரூபாய் என்று ஆடாமல் அசையாமல் இருந்தது. சண்டையில் வெள்ளி விலை ஏறியது, வெள்ளிக் காசான ரூபாயும் கூடவே ஏறியது. சர்க்கார் ஒரு கமிட்டி போட்டு, இனிமேல் ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங் என்று அறிவித்துவிட்டது. பவுனுக்குப் பத்து ரூபாய். படாபஜாரில் ஒரே கல்யாணக் களை. பதினைந்து ரூபாய்ச் சரக்கு பத்து ரூபாய்க்கு வருகிறது என்றால் யார் சும்மா இருப்பார்கள்? துணி, சாயம், கண்ணாடி, கத்தரிக்கோல் என்று ஆளாளுக்கு ஆர்டர் அனுப்பினார்கள்.

ஆனால் வெள்ளி விலை வெகு சீக்கிரம் திரும்பிவிட்டது. ரூபாயும் இறங்க ஆரம்பித்தது. சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. தான் சொன்ன ரேட்டைக் காப்பாற்ற, அந்த ரேட்டை ஒட்டியே வாராவாரம் லண்டன் பவுனை விற்றுக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் ஒரு விலைக்கு விற்கும் அரிசியை ஒரு கடைக்காரர் மட்டும் குறைத்துக் கொடுத்தால் வாசலில் எப்படிக் கூட்டம் நிற்கும், அப்படிக் கூட்டம் நின்றது. கூட்டத்தில் முன்னால் நின்றவை பாங்குகள். எங்கள் பாங்கும்தான். பவுன் கேட்டு நாங்கள் போடும் விண்ணப்பத்தைத் தயாரிக்கிற ஆள் நான். "இந்த விலை நிற்கும்வரை வாங்கு. நிற்காது, அதனால் சீக்கிரம் வாங்கு" என்பது மானேஜர் துரை எனக்கு உள்ளே சொன்ன உத்தரவு. கவுண்டரில் இருக்கும் எங்கள் எல்லோருக்கும் அவர் இட்ட உத்தரவு வேறு. வாடிக்கைக்காரர் யார் கேட்டாலும் சர்க்கார் அறிவித்த ரேட்டைச் சொல்ல வேண்டும். சொந்த அபிப்பிராயம் என்று ஒரு எழுத்து வாயிலிருந்து வந்தால் வீட்டுக்குப் போகலாம். இரண்டு உத்தரவையும் ஒரே மனிதர் ஒரே குரலில் சொன்னார். எனக்கு அதில் அப்போது எந்தக் கூச்சமும் தோன்றவில்லை.

எங்கள் பிரிவுக்குத் தலைமைக் குமாஸ்தா ஒரு வங்காளிப் பெரியவர். எல்லோருக்கும் அவர் பொரோபாபு, அதாவது பெரிய பாபு. பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. துரையின் உத்தரவை அவர் ஒருநாளும் மீறியவரல்ல. யாராவது ரேட் கேட்டால், சர்க்கார் ரேட்டை எழுதி மாட்டியிருக்கும் பலகையைப் பார்த்து இங்கிலீஷில் வாசிப்பார். அந்த ரேட் நம்பத் தகுந்தது என்றால் பேனாவை எடுத்துக்கொண்டு தம் வேலையைப் பார்ப்பார். நம்பத் தகாதது என்றால், "சா காபேன்?" என்று கேட்பார். டீ சாப்பிடுகிறீர்களா, அவ்வளவுதான். பியூன் போய் மண்குவளையில் டீ வாங்கிவருவார். வாடிக்கைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடிப்பார். குடித்து முடிக்கும்போது புத்தி தெளிந்திருக்கும். எழுந்து வந்து, "சரக்கு எப்போது வந்தாலும் வரட்டும், இன்றைய விலைக்கே என் பவுனை எழுதிவையுங்கள்" என்பார். இப்படி முன்கூட்டியே விலையைக் கட்டிவைப்பதற்கு புக் செய்வது என்று பெயர். இந்த டீயின் கதை கிளைவ் தெருவில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். டீ வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று பாங்கில் சட்டம் ஏதும் இல்லை.

இந்த டீ எதற்கு என்று ஒருநாள் நானே அவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "என் நாக்கைத் துரை சம்பளம் கொடுத்து வாங்கியிருக்கிறார். டீக்குக் காசு என் பையிலிருந்து போகிறது" என்றார். எனக்கு அது கிழட்டுத் தந்திரமாகப் பட்டது. நான் பி.ஏ. படித்தவன். எக்ஸ்சேஞ்ச் மேஜையில் உட்கார்த்தப்பட்ட முதல் மதராஸி. என் தலை கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

இனி சங்கரலிங்கம் அண்ணாச்சியைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமைக்காரர், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். ரங்கூனுக்குக் கப்பலேற வந்தவர், கையில் காசு போதாமல் கல்கத்தாவிலேயே தங்கி, ஒரு வங்காளியிடம் குடை தைக்கக் கற்றுக்கொண்டு, கானிங் தெருச் சந்து ஒன்றில் சொந்தக் கடை போட்டுவிட்டார். சீமைக் கம்பியும் கறுப்புத் துணியும் வாங்கி, பிரம்புக் கைப்பிடி போட்டுக் குடை செய்து விற்பார். இந்த ஊர் மழையில் குடைக்காரருக்குப் பஞ்சம் ஏது? நான் கல்யாணமாகி மனைவியைக் கூட்டிவந்தபோது பவானிப்பூரில் வீடு பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். அடுப்பு பற்றவைக்கிற வரைக்கும் அவர் வீட்டுச் சாப்பாடு. என் மனைவிக்கு ஊர் ஞாபகம் வந்து அழுதால் அண்ணாச்சியின் சம்சாரம்தான் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்.

அண்ணாச்சி வங்காளியும் ஹிந்துஸ்தானியும் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார். வியாபாரம் முழுக்க அதில்தான். கையெழுத்துக்கு வேண்டிய இங்கிலீஷும் உண்டு. தமிழை வீட்டுக்கும் நம்மவர்களுக்கும் என்று வைத்திருந்தார். உங்களுக்கும் இது தெரிந்ததுதானே. இந்த ஊரில் நமக்குத் தமிழ் என்பது செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசுகிற பேச்சு.

அதுவரை பெரிய இறக்குமதிக்காரர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பி வாங்கிக்கொண்டிருந்தவர், பவுன் பத்து ரூபாய் என்றதும் முதல்முறையாகத் தாமே நேராக பர்மிங்காமுக்கு ஆர்டர் அனுப்பினார். வாழ்நாளில் அனுப்பாத பெரிய ஆர்டர். சந்துக் கடையை விட்டுத் தெருமுகப்புக்கு வர வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. இடம் கூடப் பார்த்து வைத்துவிட்டார். சரக்கு வரத் துர்கா பூஜைக்காலம் ஆகும், பில் கட்டுவது அதற்கும் அப்பால். அன்றைக்கே பவுனை புக் செய்தால் பத்து ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆகும். பொறுத்திருந்து, சர்க்கார் ரேட் நின்றால், பத்தில் முடியும். புக் செய்வதா, பொறுப்பதா என்று கேட்கத்தான் மழைக்கு முந்திய வெக்கையில் ஒரு மத்தியானம் பாங்குக்கு வந்தார்.

முதலில் போனது பொரோபாபுவிடம். பெரியவர் பலகையைப் பார்த்து வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சா காபேன்?" என்றார்.

அண்ணாச்சிக்கு டீ ஆகாது. பாங்குக்குப் புதியவர், அந்த டீயின் கதையும் தெரியாது. "நா, நா" என்று கையை ஆட்டினார். பெரியவர் விடவில்லை. மறுபடியும் கேட்டுப் பியூனை வேறு கூப்பிட்டுவிட்டார். அண்ணாச்சி என் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

நான் எழுந்து வந்தேன். "இவர் எங்கள் ஊர்க்காரர். நாங்களெல்லாம் காப்பிக்காரர்கள். உங்கள் டீ எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இங்கிலீஷில் சொன்னேன். பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். பியூன் பாதி வழியில் நின்றுவிட்டார். பொரோபாபு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்த டீ எதற்கு என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த காகிதத்தை எடுத்தார்.

அண்ணாச்சியை ஜன்னலோரம் அழைத்துப்போனேன்.

"தம்பி, பலகையில இருக்கத நானும் வாசிச்சுட்டேன். ஆபீஸ் பேச்சு இருக்கட்டும், நம்ம பேச்சுல சொல்லு. புக் பண்ணவா, பொறுக்கவா?"

"சர்க்கார் ரேட்டு ரெண்டு ஷில்லிங் அண்ணாச்சி."

"அது தெரியும்டே. நிக்குமா?"

அன்று காலையில்தான் அந்த வாரத்து விண்ணப்பத்தை எழுதித் துரையின் கையெழுத்துக்கு வைத்திருந்தேன். தொகை போதாது என்று அவர் அதை அடித்து மேலே ஏற்றி எழுதினார். ரேட் நிற்காது என்பது அந்தக் கட்டிடத்தில் சுவருக்கும் தெரியும்.

"கெஜட்டுல போட்டாச்சு அண்ணாச்சி. சீமையில கமிட்டி உக்காந்து யோசிச்சு எடுத்த முடிவு. சர்க்கார் ஒரு வார்த்தைய சொல்லிட்டுப் பின்வாங்குமா?"

"அப்பம் பொறுக்கலாம்னு சொல்லுத."

"சர்க்கார் ரேட்டு ரெண்டு ஷில்லிங்" என்றேன் மறுபடியும்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. என் தோளில் தட்டினார். "இதையே நீ இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்படி கூப்பிட்டார். போனேன். நன்றாகச் சாப்பிட்டேன். தெருமுகப்புக் கடைக்கு எந்த நிறத்தில் பலகை எழுதுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். சிவப்பு நன்றாக இருக்கும் என்று நான் யோசனை வேறு சொன்னேன்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் அப்படிச் சொன்னேன் என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். நீங்களும் பாவம் என்பீர்கள். பயம் பாதிதான். மீதியைச் சொல்லத்தான் இத்தனை வயதிலும் எனக்கு நா கூசுகிறது. எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர், எனக்குச் சோறு போட்டவர், என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் கணத்தில் எனக்கு நானே சர்க்கார் மாதிரித் தோன்றினேன். கெஜட், கமிட்டி என்று ஒவ்வொரு வார்த்தையாக வாயிலிருந்து வந்தபோது, அடடா என்ன அழகாகப் பேசுகிறேன் என்றுதான் இருந்தது. அது சுகமாக இருந்தது. அதுதான் வெட்கம்.

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். பலகையில் இருந்ததைத்தான் சொன்னேன். வெகுகாலம் இதை வைத்துத்தான் தூங்கினேன். "எனக்குச் சொல்ல அதிகாரம் இல்லை, அண்ணாச்சி" என்று சொல்லியிருந்தால் போதும், அவர் வியாபாரி, பிடித்துக்கொண்டிருப்பார். ஒன்றுமே சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாலும் போதும். அந்த டீயையாவது குடிக்கவிட்டிருக்கலாம்.

மழை ஓயுமுன் சர்க்காரின் கை ஓய்ந்துவிட்டது. லண்டன் பவுன் விற்பதை நிறுத்தினார்கள். ஆனால் ரேட்டை மாற்றியதாக மட்டும் யாரும் அறிவிக்கவில்லை. எங்கள் பலகையிலும் மாற்றவில்லை. சட்டத்தில் இரண்டு ஷில்லிங் அப்படியே இருக்க, பஜாரில் ரூபாய் வாரத்துக்கு வாரம் வழுக்கிக்கொண்டு போனது. பூஜை முடிந்து வந்த கப்பல்களின் சரக்கு கிதிர்பூர்க் கிடங்குகளில் மலையாகக் குவிந்தது. பில் கட்ட வேண்டிய நாள் வந்தபோது பவுன் பழையபடி பதினைந்து ரூபாயில் நின்றது. பத்து ரூபாய்க் கணக்குப் போட்டு ஆர்டர் அனுப்பிய ஒருவரும் சரக்கை எடுக்கவில்லை. வியாபாரிகள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். சர்க்கார் சொன்ன இரண்டு ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டால் கட்டுகிறோம், இல்லாவிட்டால் சரக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று தீர்மானமாயிற்று. அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துரை என்னைக் கூப்பிட்டார். "குடைக்காரர் உன் ஊர்க்காரர்தானே? நீ போய்ப் பார். உங்கள் பாஷையில் பேசு" என்றார். அந்த பாஷையால் ஆகிற காரியம் அவருக்கும் தெரிந்துவிட்டது.

கடை சந்திலேயேதான் இருந்தது. நான் போனபோது பக்கத்துக் கண்ணாடிக் கடை மார்வாடி சேட் அங்கே உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் அண்ணாச்சியிடம் ஹிந்துஸ்தானியில், "பாங்கு ஆளே ரேட் நிற்கும் என்று சொன்னதாகச் சொன்னீரே, இவர்தானா அவர்? பெயரைக் கொடும். நாளைக்கு கோர்ட்டுக்குப் போனாலும் நம் பக்கம் நிற்கும்" என்றார்.

என் வேலை, என் வீடு, ஊருக்கு அனுப்புகிற பணம் எல்லாம் அண்ணாச்சியின் நாக்கு நுனியில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"யாரும் சொல்லவில்லை சேட்ஜி. நான்தான் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்றார்.

சேட் எழுந்து போனபின் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை.

"சட்டத்த மாத்திட்டாங்களா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்பம் இன்னைக்கும் சர்க்கார் ரேட்டு ரெண்டு ஷில்லிங்தான்."

"ஆமா."

"அந்த ரேட்டுக்கு எனக்கு ஒரு பவுன் நீ தருவியா?"

"முடியாது அண்ணாச்சி."

"வேற பாங்குல?"

"தர மாட்டாங்க."

"சர்க்காரே தருமா?"

"நிறுத்திட்டாங்க."

"சரிதான். ரேட்டு என்னன்னு கேட்டேன். அந்த ரேட்டுக்கு நீ தருவியான்னு கேக்காம விட்டேன். என் புத்தி" என்றார்.

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தம்மையே நொந்துகொண்டது தாங்கவில்லை. சுவரில் தொங்கிய குடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னைக்கு உனக்குத் தெரியுமா?"

பிள்ளைகளே, கடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டார் என்பது சற்று முன்னால்தான் தெரிந்தது. அப்போதும் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "அன்னைக்கு சர்க்கார் அறிவிச்சது..." என்று ஆரம்பித்தேன். அவர் உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"கட்டிருதேன்னு உங்க துரைட்ட சொல்லு. பர்மிங்காம்காரன் கம்பிய அனுப்பிட்டான். அவன் நம்மள ஒண்ணும் செய்யல."

கட்டினார். சேட்டுக்கே கடையை விற்றார். அண்ணாச்சியின் சம்சாரம் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்ததை என் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஏன் இப்படி ஆயிற்று என்று என்னைக் கேட்டாள். பவுன் விலை ஏறிவிட்டது என்றேன். அதுவும் பொய் இல்லை.

கடைசித் தொகையைக் கட்ட அண்ணாச்சியே பாங்குக்கு வந்தார். பொரோபாபு அவரைக் கண்டதும் எழுந்து நின்று, "சா காபேன்?" என்றார். அண்ணாச்சி சரியென்று தலையை ஆட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். மண்குவளை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, முகத்தைச் சுளிக்காமல், அடி வரைக்கும் குடித்தார். பிறகு என் கவுண்டருக்கு வந்தார்.

"ஆஜ்கேர் ரேட் கொதோ, பாபு?"

இன்றைய ரேட் என்ன என்று வங்காளியில் கேட்கிறார். நான், "அண்ணாச்சி, உக்காருங்க, நானே எல்லாத்தையும் முடிச்சுத் தாறேன்" என்று தமிழில் சொன்னேன். அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. தெரியாத பாஷையைக் கேட்கிற ஆள் எப்படி மரியாதையாகக் காத்திருப்பார், அப்படிக் காத்திருந்தார். எனக்குப் பின்னால் ஆட்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் வங்காளியில் ரேட்டைச் சொன்னேன். அவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "நமோஷ்கார்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வருஷமே எனக்கு மேஜை மாறியது, சம்பளம் கூடியது. ஆபத்துக் காலத்தில் வாயை அடக்கத் தெரிந்தவன், சொந்த ஊர்க்காரரிடம் கூட பாங்கு விஷயத்தை விட்டுக்கொடுக்காதவன் என்று துரை எல்லோர் முன்னாலும் சொன்னார். கை குலுக்கினார்கள். பொரோபாபு மட்டும் தம் இடத்தைவிட்டு எழாமல் என்னைப் பார்த்து, "சா காபேன்?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் விருந்து என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சட்டத்தில் அந்த இரண்டு ஷில்லிங் அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தது. அந்த விலைக்கு யாரும் ஒரு பவுன் வாங்கவில்லை, விற்கவில்லை. இப்போது நீங்கள் பார்க்கிற உத்தியோகத்திலும் அறிவித்த ரேட் ஒன்று, நடக்கிற ரேட் ஒன்று என்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சரிசெய்வது உங்களாலும் ஆகாது, என்னாலும் ஆகவில்லை. மேலிடத்து உத்தரவை மீறுங்கள் என்று நான் சொல்லவில்லை. பொரோபாபு எதையும் மீறவில்லை. ஆனால் உங்களை நம்பி ஒருவர் வீட்டுப் பேச்சில் கேட்கும்போது பலகையில் இருப்பதை வீட்டுப் பேச்சில் பெயர்த்துக் கொடுக்காதீர்கள். பலகையைப் பலகையின் பாஷையிலேயே வாசித்துவிடுங்கள். கேட்டவர் தம் புத்தியைக் கொண்டு பிழைத்துக்கொள்வார்.

அண்ணாச்சி பிறகு யாரோ ஒருவர் குடைக் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு வீட்டுப் பெண்களும் பழக்கத்தை விடவில்லை. அவர்களுக்கு விஷயம் தெரியாது, அவர் சொல்லவில்லை. விசேஷங்களில் நேருக்கு நேர் பார்த்தால் எனக்கு ஒரு "நமோஷ்கார்" கிடைக்கும். மற்ற எல்லோரிடமும் திருநெல்வேலித் தமிழில் கேலியும் சிரிப்புமாகப் பேசிக்கொண்டிருப்பார்.

வருஷங்கள் கழித்து ஒரு சாயங்காலம் டல்ஹவுசி ஸ்கொயரில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. என்னிடம் குடை இல்லை. ஒரு கட்டிடத்து வளைவில் ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் ஒரு குடை வந்து நின்றது. "ஆஷுன், ஆஷுன்" என்றார் அண்ணாச்சி. வாருங்கள், வாருங்கள் என்று வங்காளியில்.

டிராம் நிற்கும் இடம் வரைக்கும் ஒரே குடைக்குள் நடந்தோம். நான் நனையக் கூடாது என்று குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தார். அவருடைய ஒரு பக்கத்துச் சட்டை சொட்டச் சொட்ட நனைந்தது. வீட்டில் சௌக்கியமா, பெண்ணுக்கு இடம் பார்க்கிறீர்களா, உங்களுக்கு மூட்டுவலி தேவலையா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எல்லாம் வங்காளியில். என்னை நீ என்றும் தம்பி என்றும் கூப்பிட்டவர், நூறு தடவை "ஆப்னி", அதாவது நீங்கள், போட்டுப் பேசினார். நான் தமிழில் பதில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, அடுத்த கேள்வியை வங்காளியில் கேட்டார். பாதி வழியில் நானும் வங்காளிக்கு மாறிவிட்டேன்.

டாலிகஞ்ச் டிராம் வந்தது. "ஷாப்தானே" என்று, பார்த்து ஏறச் சொல்லிக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அவ்வளவு பக்கத்தில் நடந்து வந்திருக்கிறோம், அன்று கடையில் அவர் கேட்டதற்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டிராம் நகர்ந்த பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. மறுபடி பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கேவடாதலாச் சுடுகாட்டில் எரித்தபோது நானும் கூட்டத்தில் நின்றேன்.

தமிழில் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. காரியதரிசி இதை அச்சுக்கு அனுப்பினால், அச்சிலாவது இருக்கட்டும்.

அன்னைக்கு எனக்குத் தெரியும், அண்ணாச்சி.